துடைத்து வைத்த வீல்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. கனவில்லை, காய்ச்சலில் உளறியதும் இல்லை. நடந்த இடம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட். நடந்தது என் வீட்டுக்காரருக்கு. இனி ‘இவர்’ என்று வந்தால் அது அவர்தான். இவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் எங்கள் தொழில் எப்போதோ எங்கேயோ போயிருக்கும். “பெயிண்ட் எவ்வளவு நாள் உழைக்கும்?” என்று கேட்டால், “நீங்க ஓட்டற ஓட்டுக்கு ஒரு மழை தாங்கும்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்புகிற மனுஷர்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் கண்ணைக் குத்துகிறது. கொடியில் துணி காய்கிறது. பக்கத்து வீட்டில் டிவி அலறுகிறது. அப்படிப்பட்ட பட்டப்பகலில் நடந்தது இது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இவர் காருக்குப் பெயிண்ட் அடிப்பவர். முழுக் காருக்கு இல்லை, வீலுக்கு மட்டும். அழுக்கேறி, தோல் உரிந்து, நடைபாதை ஓரத்தில் உரசி ஓரம் கடிபட்டு வரும் வீல்களைக் கழட்டி, கழுவி, தேய்த்து, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுப்பார். அடிக்கிறது கால் வேலை, அதுக்கு முன்னால செய்யறதுதான் முக்கால் வேலை என்பார். “அழுக்கு மேல அடிச்சா, அழுக்குதான் புதுச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கும்.” இதை இவர் ஆயிரம் தடவை சொல்லி நான் ஆயிரம் தடவை கேட்டாயிற்று.

பெயிண்டுக்கு முன்னால் பிரைமர் என்று ஒன்று அடிப்பார்கள். அப்போதுதான் மேலே அடிக்கிற நிறம் ஒட்டும். கடையில் கிடைக்கும் பிரைமர் வெறும் சாம்பல் நிறம். இவர் அதில் சில சொட்டு நீலம் விட்டுக் கலக்குவார். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியுமாம். வேறு எந்தப் பெயிண்டரிடமும் அந்த நிறம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து இவர் சட்டையில் அதைத்தான் துவைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட முழுசாகப் போனதில்லை.

அன்று காரைக் கொண்டுவந்தவன் என் தம்பி. அம்மா போனபோது அவன் அரை டிராயர் போட்ட பையன். ஊட்டி, குளிப்பாட்டி, திட்டி, அடித்து வளர்த்தது நான். பேருக்குத்தான் தம்பி, எனக்கு அவன் மூத்த பிள்ளை. பெண் பார்த்து எல்லாம் பேசி முடித்திருந்தோம். கல்யாணக் களை வரவேண்டிய முகத்தில் ஒரு மாதமாகச் சாவுக் களை. கண் உள்ளே போய்விட்டது. சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல உடம்பில் தொங்குகிறது. கேட்டால் ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்பான். எந்த ஆபீஸ் வேலை சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிக்க வைக்கும்? டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமலேயே அவன் என் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தான். இப்படியே விட்டால் கல்யாணத்துக்கு ஆள் இருக்கமாட்டான்.

காரை ஷெட் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினான்.

“மாமா, நாலு வீலுக்கும் கருப்பு அடிச்சுடுங்க. இன்னைக்கே.”

“எதுக்கு மாப்ள? வெள்ளி நல்லாத்தானே இருக்கு.”

“வேணாம். கருப்பு. கொஞ்சம்கூடப் பளபளப்பே தெரியக்கூடாது.”

இவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூன்று வீல்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. காய்ந்த சேறு, தார்ப்புள்ளி, பிரேக்கிலிருந்து உதிர்ந்து படிந்த கருந்தூள். அது எந்த நிற வீல் என்றே தெரியவில்லை. முன்பக்க இடது வீலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

அது பளபளவென்று இருந்தது.

“இத மட்டும் கழுவியிருக்கியே, ஏன்?”

“நான் கழுவல.”

“பின்ன யாரு?”

“தெரியல மாமா.”

சொல்லிவிட்டு உள்ளே வந்து முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். டீ கொடுத்தேன். ஆறிப்போய் ஏடு படியும் வரைக்கும் அது அப்படியே இருந்தது. என்னடா என்றேன். ஒண்ணுமில்லக்கா என்றான். அந்த ‘ஒண்ணுமில்ல’வைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி உயிர் போயிருந்தது.

இனி ஷெட்டில் நடந்ததை இவர் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். நட்டுகளைக் கழட்டி, நாலு வீல்களையும் உருட்டிக்கொண்டுபோய் நாலு ஸ்டூல்மேல் மல்லாக்க வைத்தார். அழுக்கு வீல்களில் ஆரம்பித்தார். துணி சோப்பைக் கரைத்து ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தார். கருப்பாக இறங்கிய தண்ணீர் பழுப்பாகி, கலங்கலாகி, கடைசியில் தெளிந்து வந்தது. நட்டுக் குழிகளுக்குப் பழைய பல் பிரஷ். தார்ப்புள்ளிக்கு மண்ணெண்ணெய்த் துணி. எல்லாம் அலசி, கம்பிரஸர் காற்றால் ஊதி ஈரம் போக்கினார். பிறகு எமரி பேப்பர் என்கிற உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நாலாவதைக் கடைசிக்கு வைத்தார். அதுதான் ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறதே. ஆனாலும் கண் அங்கேயே போனது. ஒரு தடவை எழுந்து போய்ப் பக்கத்தில் பார்த்தார். நட்டுக் குழிக்குள், கம்பிகளின் பின்பக்கத்தில், காற்றடிக்கும் வால்வைச் சுற்றி... ஓர் இடத்தில்கூடப் பொட்டு அழுக்கு இல்லை. கார் வைத்திருப்பவன் வெளியே தெரிகிற இடத்தைத்தான் துடைப்பான். உள்பக்கம் துடைக்கிறவன் தொழில் தெரிந்தவன்.

இன்னொன்றும் இவர் கண்ணில் பட்டது. வெள்ளி நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். இந்த வீலில் அது கரைந்து, கீழே உலோகமே தெரிந்தது. எமரிக் கீறல் ஒன்றுகூட இல்லை. துணியால், வெறும் துணியால் துடைத்துத் துடைத்தே போயிருந்தது. வருஷக்கணக்கில் துடைத்தாலும் அப்படிப் போகாது என்றார் இவர். கார் வாங்கி வருஷமே ஆகவில்லை.

நமக்கு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மற்ற மூன்றையும் எமரி போட்டு முடித்துவிட்டு, நாலாவதற்கும் லேசாக ஒரு தேய்ப்புத் தேய்க்கலாம் என்று கை வைத்தார்.

ஈரம்.

அந்த வீலுக்கு இவர் தண்ணீரே காட்டவில்லை. ஆனால் தொட்ட விரலில் சோப்பு நுரை. மோந்து பார்த்தார். எங்கள் வீட்டுத் துணி சோப்பு வாசனை இல்லை. எலுமிச்சை வாசனை. கார் கழுவும் கடைகளில் விடுவார்களே, அந்த ஷாம்பு.

மற்ற வீல்களைக் கழுவும்போது தெறித்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாசனைக்கு என்ன சமாதானம் என்று யோசிக்கவில்லை. ஊதிக் காயவைத்தார், எமரி போட்டார். பிறகு பிசுக்கையும் பெயிண்டையும் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் நாலு வீல்களையும் துடைத்தார். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொட மாட்டார். கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாதாம்.

அடுத்தது சீட்டு. சிரிக்காதீர்கள், விளையாடுகிற சீட்டுத்தான். டயரில் பெயிண்ட் படாமல் இருக்க, கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் சுற்றிலும் சீட்டுகளைச் செருகிவிடுவார். வேலை முடிந்ததும் உருவிப் போடுவார். வாரம் தவறாமல் கட்டுக்கட்டாகச் சீட்டு வாங்குவதைப் பார்த்து, கடைக்காரர் ஒருநாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “வீட்டுக்காரரைக் கொஞ்சம் கண்டிச்சு வைம்மா.” இவருக்கு ராஜா எது ராணி எது என்றுகூடத் தெரியாது.

நாலு வீலுக்கும் சீட்டுச் செருகி முடித்தார். பிரைமர் கலக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். நீலச் சொட்டு விட்டார். கலக்கினார். திரும்பினார்.

மூன்று வீல்களில் சீட்டு நின்றது. நாலாவதில் ஒன்றுகூட இல்லை.

கீழே உதிர்ந்து கிடக்கவில்லை. ஸ்டூலின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் தட்டி அடுக்கி வைத்திருந்தது. வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதை ஒருவர் எடுத்து ஒதுக்கி வைப்பது போல.

இவர் வெளியே எட்டிப் பார்த்தார். யாருமில்லை. சமையலறை ஜன்னல் வழியாக என்னைக் கேட்டார்.

“மாப்ள இங்க வந்தானா?”

“இல்லையே. படுத்துத்தான் இருக்கான். ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

இவரும் ஒண்ணுமில்ல என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் நான் முன்னறையில் அப்போது பார்த்துவிட்டு வந்த காட்சி எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. தம்பி தலையணையை இரண்டாக மடித்துக் காதில் அழுத்திக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பின்பக்கம் இவர் துணியால் தேய்க்கிற சத்தம் மட்டும் சர்... சர்... என்று லேசாக வந்துகொண்டிருந்தது.

இவர் அந்த நேரத்தில் பிரைமர் கலக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுபடி சீட்டுச் செருகினார். ஸ்பிரே கன்னை எடுத்து நாலு வீலுக்கும் மெலிசாகப் பிரைமர் அடித்தார். நாலும் ஒரே நீலச் சாம்பல். பார்க்க நிம்மதியாக இருந்தது என்றார். முகமூடியைக் கழட்டிவிட்டு, வெளிக்குழாயில் முகம் கழுவப் போனார். குழாயிலிருந்து ஷெட்டைப் பார்த்தால் வாசல் தெரியும். உள்ளே யாரும் போகவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

ஒன்று சாம்பல். இரண்டு சாம்பல். மூன்று சாம்பல்.

நாலாவது... பளபள.

ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சீட்டுகள் ஸ்டூல் ஓரத்தில் அடுக்கி இருந்தன.

இவர் குனிந்து தரையைப் பார்த்தார். ஈர பிரைமரைத் துடைத்தால் துணியில் அப்பும், தரையில் சொட்டும், பக்கத்தில் தீற்றும். இங்கே ஒரு துளி சாம்பல்கூட இல்லை. சொட்டிய தண்ணீர் தெளிவாக இருந்தது. அடித்த பிரைமர் எங்கே போனது? அந்தக் கேள்விதான் பேயைவிடத் தன்னைப் பயமுறுத்தியது என்றார் இவர். பெயிண்டருக்குப் பெயிண்ட் எங்கே போனது என்று தெரியவேண்டும்.

வேறு ஆளாக இருந்தால் ஓடிவந்திருப்பார். இவர் மறுபடி கன்னை எடுத்தார். நாலாவது வீலுக்கு மட்டும் இன்னொரு முறை அடித்தார். இந்தத் தடவை எங்கேயும் போகவில்லை. காலிப் பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள்.

கம்பிரஸர் தானாக நின்றது.

சர்...

வீலின் கீழ் ஓரத்தில் ஒரு கோடு விழுந்தது. நாலு விரல் அகலம். சாம்பல் விலகி வெள்ளி தெரிந்தது.

சர்... சர்...

கோடு வளைந்தது. கம்பியின் மேலே ஏறியது. இறங்கியது. நட்டுக் குழிக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தது.

அங்கே துணி இல்லை. கை இல்லை. ஆள் இல்லை.

எலுமிச்சை வாசனை.

இவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

“யாருப்பா?”

சத்தம் நின்றது.

...

மூச்சு வாங்குகிற சத்தம். இவருடையது இல்லை. குந்தி உட்கார்ந்து வெகுநேரம் வேலை செய்தவர் வாங்குகிற மூச்சு.

பிறகு வீல் நகர்ந்தது. ஸ்டூல்மேல் படுத்திருந்த வீல் மெதுவாக... மெதுவாக... அரைச் சுற்றுத் திரும்பியது. துடைக்காத பக்கம் அந்தப் பக்கமாகப் போனது.

சர்... சர்... சர்...

மறுபடி ஆரம்பித்தது.

இவர் எப்படி எழுந்தார் என்று இவருக்கே தெரியாது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்த முகத்தைப் பார்த்து நான் கரண்டியைக் கீழே போட்டேன். நேரே முன்னறைக்குப் போனார். தம்பி காதில் இருந்த தலையணையைப் பிடுங்கினார்.

“அந்த வீலத் துடைக்கிறது யாரு?”

தம்பி எழுந்து உட்கார்ந்தான். இவர் முகத்தையே பார்த்தான். பயப்படுவான் என்று நினைத்தேன். அவன் கண்ணில் தெரிந்தது பயமில்லை, ஆறுதல்.

“உங்களுக்கும் கேக்குதா மாமா?”

அவ்வளவுதான். உடைந்துவிட்டான்.

ஒரு மாதத்துக்கு முன்னால், ஆபீஸ் போகிற வழியில், அதுவரை போகாத ஒரு வாட்டர் வாஷ் கடையில் காரை விட்டிருக்கிறான். அங்கே கழுவுகிறவர் ஒவ்வொரு வீலாகக் குந்தி உட்கார்ந்து துணியால் துடைப்பாராம். நாலாவது வீலும் முடிந்ததும் கார்மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். போகலாம் என்று அர்த்தம். முன்னால் நின்ற காருக்கு அவர் அப்படித் தட்டியதை இவன் பார்த்திருக்கிறான். இவன் முறை வந்தபோது போனில் மேனேஜர். எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய் என்று கத்தல். மூன்று வீல் முடிந்திருந்தது. நாலாவது, முன்பக்க இடது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத வீல்.

“அவர் தட்டலக்கா. நான் எடுத்துட்டேன்.”

சின்னதாக ஒரு குலுக்கல். கண்ணாடியில் பார்த்தால் சிமெண்டுத் தரையில் ஒருவர் கிடக்கிறார். ஆட்கள் ஓடிவருகிறார்கள். இவன் நிறுத்தவில்லை. இவனை அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் நம்பரைக் குறிக்கவும் இல்லை போலிருக்கிறது. தேடி ஒருவரும் வரவில்லை.

வந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். மறுநாளிலிருந்து, கார் நிற்கிற இடத்தில்.

“வேணும்னே சேத்துல இறக்கி ஓட்டினேன். மூணு வீல்ல சேறு அப்பியிருக்கும். அது மட்டும் கழுவி வெச்ச மாதிரி இருக்கும். ஒரே ஒரு தடவ தட்டிட்டார்னா போயிடுவாரோன்னு காத்துக்கிட்டே இருப்பேன். தட்டவே மாட்டேங்கறார்க்கா. முடிக்கவே மாட்டேங்கறார்.”

“அவர் உயிரோட இருக்காரா?” என்றார் இவர்.

“தெரியாது. கேக்கப் போகவே பயமா இருந்துது.”

எனக்கு அவனை அறையவேண்டும்போலவும் இருந்தது, இழுத்து மடியில் போட்டுக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. கை அவன் கன்னம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. கருப்புப் பெயிண்டில் மூடிவிடலாம் என்று என்னிடமே கொண்டுவந்திருக்கிறான், என் வீட்டு ஷெட்டுக்கே. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மூடிவிட்டால்தான் என்ன என்றும் எனக்குத் தோன்றியது. கல்யாணம் பேசி வைத்த பிள்ளை. யாருக்கும் தெரியாது. அப்போது பின்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. சர்... சர்... இந்தத் தடவை அது இவர் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

“எழுந்திரு. சட்டைய மாத்து” என்றேன்.

இவர் வீல்களை மறுபடி மாட்டினார். மூன்று சாம்பல், ஒன்று பளபள. அந்த ஒன்றை மாட்டும்போது “கொஞ்சம் கைய எடுத்துக்கங்க, மாட்டிடறேன்” என்று இவர் முணுமுணுத்ததைக் கேட்டேன். சத்தம் நின்றது. காற்று நிரப்பி, இவரே ஓட்டினார். தம்பி பின்சீட்டில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை.

வாட்டர் வாஷ் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். இவர்தான் பேசினார். மறைக்காமல் பேசினார். கேட்டு முடித்ததும் கடைக்காரர் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

“சாகல. ஆஸ்பத்திரியில கிடக்கறார். ஒரு மாசமா நினைவு இல்ல. போய்ப் பாருங்க.”

உயிரோடு இருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் உயிரோடு இருக்கிறவர் எப்படி எங்கள் ஷெட்டில்...?

வார்டின் கடைசிக் கட்டில். அவர் மனைவி பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் இருந்தவர் முகம் எலும்பும் தோலுமாக இருந்தது, கண் மூடியிருந்தது. வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை துண்டு சுற்றியிருந்தது.

அந்தக் கை அசைந்துகொண்டிருந்தது.

படுக்கை விரிப்பின்மேல், முன்னும் பின்னும். வளைந்து, ஏறி, இறங்கி.

சர்... சர்...

“அடிபட்ட நாள்லேர்ந்து இப்படித்தான்” என்றார் அவர் மனைவி. எங்களை யாரோ சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிட்டார். “வேற எதுவும் அசையாது. கை மட்டும் ஓயாது. விரிப்பெல்லாம் கிழிஞ்சு போகுது. தோல் உரியுதேன்னு துண்டு சுத்தி விட்டேன்.”

தம்பி கட்டில் பக்கத்தில் போய் நின்றான். அவர் காலைத் தொட்டான்.

“நான்தான். நீங்க தட்டறதுக்கு முன்னால எடுத்தது நான்தான்.”

கை நின்றது.

அந்த வார்டில் அத்தனை பேர் இருந்தார்கள். எனக்கு ஒருவர் சத்தமும் கேட்கவில்லை.

கை மெதுவாக எழும்பியது. கட்டிலின் இரும்புக் கம்பிமேல் விழுந்தது.

டக்.

...

டக்.

பிறகு விரிப்பில் சாய்ந்தது. அப்புறம் அசையவே இல்லை. நர்ஸ் ஓடிவந்தார், டாக்டர் வந்தார். முடிந்துவிட்டது.

அவர் மனைவி தம்பியை அடிக்கவில்லை, சாபம் விடவில்லை. “ஒரு நிமிஷம் நிறுத்தியிருந்தா என்ன?” என்று கேட்டார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

தம்பி அங்கிருந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். கல்யாணம் நின்றது. இப்போது உள்ளே இருக்கிறான். பார்க்கப் போகும்போதெல்லாம் நான்தான் அழுகிறேன், அவன் அழுவதில்லை. சாப்பிடுகிறான், தூங்குகிறான். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. சத்தம் கேட்கிறதா என்று ஒரு தடவை கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கார் ஸ்டேஷன் பின்பக்கம் நிற்கிறது. போன மாதம் இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாலு வீலிலும் ஒரே அழுக்காம்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போன பிறகு, தம்பியைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால், அவர் மனைவி அந்தக் கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். அவிழ்த்தவர் அப்படியே நின்றார்.

“இது என்னம்மா? காலையில நான்தானே கை கழுவி விட்டேன். சுத்தமா இருந்துச்சே.”

தன் முந்தானையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். விரல் இடுக்கில், நகக்கண்ணில், உள்ளங்கை ரேகையில்... சாம்பல்.

வெறும் சாம்பல் இல்லை. நீலம் கலந்த சாம்பல்.

நான் இவரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இவருக்குத்தான் பொய் சொல்ல வராதே.

“பிரைமர்மா” என்றார். “என்னோடது.”

இவர் பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் கிடக்கும் தின்னர் துணியை எடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் கையில் வாங்கி, ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

முழுசாகப் போகவில்லை.